பின்பக்கத் தோட்டத்தில் இலையுதிர் கால அமைப்பு: ஐந்து மரம் வைக்கலாமா?

புதுமண்
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் வெறும் புல்தரை கிடக்கிறது. மூன்று வருடமாகப் புல் வெட்டுவதைத் தவிர அதில் நான் எதுவும் செய்யவில்லை. இந்த இலையுதிர் காலத்தில் ஒழுங்காக ஒரு தோட்டம் அமைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இலைகள் நிறம் மாறும் அந்த ஆறேழு வாரமும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தால் தோட்டம் பற்றி எரிவதுபோல் இருக்க வேண்டும்.

பட்டியல் தயார்: லிக்விடம்பார், செம்மேப்பிள், ஜப்பானிய மேப்பிள், கிங்கோ, பர்னிங் புஷ். ஐந்தையும் கோடியில் இருக்கும் வேலியோரமாக வரிசையாக வைக்கலாம் என்று எண்ணம். இடைவெளி எவ்வளவு விட வேண்டும்?

வேரடி
லிக்விடம்பாருக்கும் செம்மேப்பிளுக்கும் இடையிலா? பக்கத்து வீட்டை வாங்கிவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

கேலி இருக்கட்டும். லிக்விடம்பார், கிங்கோ இரண்டுமே நாளடைவில் 20 மீட்டரைத் தாண்டக்கூடியவை. செம்மேப்பிளும் சளைத்ததில்லை. 8 மீட்டர் அகல வேலியோரத்தில் ஐந்தையும் வரிசையாக வைத்தால் பதினைந்து வருடத்தில் உங்களிடம் தோட்டம் இருக்காது, இருட்டுத்தான் இருக்கும். பர்னிங் புஷ் சில நாடுகளில் காட்டுக்குள் பரவிப் பெரும் தொல்லையாகிவிட்டது. உங்கள் பக்கம் அதை விற்கவாவது அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

இந்த அளவு இடத்துக்கு ஒரு மரம் போதும். ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் இடுப்புயரத்துக்குக் கீழே.

புதுமண்
ஒன்றா! நர்சரியில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டது எல்லாம் வீணா? போன வாரம்கூட ஒரு செம்மேப்பிள் தொட்டியில் ரத்தச் சிவப்பாக நின்றது. இலைக்கு இலை சிவப்பு. அதை எப்படி விட்டுவிட்டு வருவது?

பூவாளி
அந்த ரத்தச் சிவப்பை நம்பி ஏமாந்தவள் நான். நாலு வருடத்துக்கு முன் இதே கதைதான். தொட்டியில் தகதகவென்று இருந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டேன். அடுத்த வருடம் மஞ்சளும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம். அதற்கடுத்த வருடமும் அப்படியே. விற்றவர்கள் மேல் பழி போட மாட்டேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, மரமும் பொய் சொல்லவில்லை. தொட்டிக்குள் வேர் நெருக்கடியில் இருந்தால் இலை சீக்கிரமே நிறம் மாறிவிடும் என்பது எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

மேகமூட்டம்
பூவாளி அக்கா சொன்னதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் மரத் தேர்வே இதில்தான் இருக்கிறது.

மஞ்சளும் சிவப்பும் ஒரே வழியில் வருவதில்லை. மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு என்ற நிறமி. அது கோடை முழுவதும் இலைக்குள் இருக்கிறது. பச்சையம் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைச் சிதைத்து இலையிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது மூடி விலகிய மாதிரி மஞ்சள் வெளியே தெரிகிறது. ஆகவே மஞ்சள் அநேகமாக எல்லா வருடமும் வரும்.

சிவப்பு அப்படி இல்லை. அதைத் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாகிறது. அதற்கு இலைக்குள் சர்க்கரை தேங்க வேண்டும். பகலில் பளிச்சென்ற வெயில், இரவில் உறைபனி விழாத அளவுக்குக் குளிர், இரண்டும் சேர்ந்து வந்தால் சிவப்பு பிரமாதமாக இருக்கும். மேகம் மூடிய, இரவிலும் வெதுவெதுப்பான வருடத்தில் அதே மரம் சோர்ந்துபோய் நிற்கும். நிழலில் நட்டாலும் அப்படித்தான். பூவாளி அக்கா, உங்கள் மரத்துக்கு மதியத்துக்கு மேல் வெயில் உண்டா?

பூவாளி
இல்லை. வீட்டு நிழல். சரி, புரிந்தது.

மேகமூட்டம்
இன்னொன்று. விதையிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இருக்காது. சிவப்புதான் வேண்டும் என்றால் நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்துப் பெயரிட்ட ரகத்தை வாங்குங்கள். செம்மேப்பிளில் ‘அக்டோபர் குளோரி’, ஜப்பானிய மேப்பிளில் ‘ஒசகாசுகி’ போல.

கல்தச்சன்
மரத்தின் பெயரிலேயே நிற்கிறோம். இடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. புதுமண், அந்த ஜன்னலிலிருந்து பார்க்கும்போது சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது? கோடியில் இருக்கும் வேலி எவ்வளவு உயரம்?

புதுமண்
ஜன்னலுக்கு நேர் எதிரே, கோடி வேலிக்குப் பின்னால் இறங்குகிறது. மரப்பலகை வேலி, 2 மீட்டர். சாயங்காலம் கண் கூசும் என்று திரை போட்டு வைத்திருக்கிறோம்.

கல்தச்சன்
நீங்கள் திரை போட்டு மறைத்து வைத்திருப்பதுதான் உங்கள் தோட்டத்தின் சொத்து! இலையுதிர் காலத் தோட்டத்தில் நிறத்தை விட வெளிச்சம்தான் பாதி வேலையைச் செய்கிறது. சூரியன் தாழ்ந்து வரும் காலம் இது. இலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் சாதாரண மஞ்சள்கூட விளக்கேற்றிய மாதிரி தெரியும். அதே இலையை நம் முதுகுப் பக்கமிருந்து வரும் வெயிலில் பார்த்தால் வெறும் மஞ்சள் காகிதம்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு கணக்குப் போடுவோம். சாயங்காலம் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 15 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். 2 மீட்டர் வேலியின் நிழல் அப்போது ஏறக்குறைய ஏழரை மீட்டர் நீளும். உங்கள் 12 மீட்டரில் பாதிக்கு மேல்! வேலியோரமாக வரிசை கட்டி நீங்கள் வைக்க நினைத்த செடியெல்லாம், சரியாக வெளிச்சம் அழகாக இருக்கும் நேரத்தில், நிழலில் நிற்கும்.

அந்த நிழல் தரையில் மட்டும் கிடப்பதில்லை, சரிவாக நிற்கிறது. வேலியிலிருந்து 3 மீட்டர் தள்ளி வந்தால் 1.2 மீட்டர் உயரம் வரை நிழல், அதற்கு மேல் வெயில். 5 மீட்டர் தள்ளி வந்தால் நிழல் 65 சென்டிமீட்டர் உயரத்துக்குத்தான். ஆகவே மரம் வேலியிலிருந்து 3 மீட்டரில். கீழே தண்டு இருட்டில் இருக்கும், மேலே தலை முழுக்க வெயிலில் எரியும். அலங்காரப் புல் 5 மீட்டரில், அதாவது தோட்டத்தின் நடுவுக்கு அருகில். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்று பள்ளிக்கூடப் புகைப்படம் மாதிரி அடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஒன்றரை மீட்டர் உயரப் புல்லை நடுவில் வைத்தாலும் அதன் ஊடாகப் பின்னால் இருப்பது தெரியும், மறைக்காது.

நடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: ஒரு மூங்கில் கழியில் சிவப்புத் துணியைக் கட்டி அந்த இடத்தில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று சாயங்காலம் ஜன்னலிலிருந்து பாருங்கள். துணி எப்போது ஒளிர்கிறது, எப்போது அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் கழியை நகர்த்துவது சுலபம். மரத்தை நகர்த்துவது சுலபமில்லை.

தூறல்
அருமையான பதிவு. கழி வித்தையைத் திருடிக்கொள்கிறேன். எங்கள் பக்கம் இலையுதிர் காலம் மார்ச்சில்தான் தொடங்கும், மதியச் சூரியன் வடக்கே நிற்கும். ஆகவே திசை எழுதாமல் “சூரியன் இறங்கும் பக்கம்” என்று நீங்கள் எழுதியதற்கும் நன்றி. தென் அரைக்கோளத்துக்காரர்கள் மாத அட்டவணைகளைப் பார்த்துத் தலைகீழாக நட்ட கதைகள் நிறைய உண்டு.

புதுமண்
கழி ஊன்றியாயிற்று. அந்த ஒரு மரம் ஜப்பானிய மேப்பிளாக இருக்கட்டுமா? அது சின்ன மரம்தானே?

வேரடி
அளவு சரி. இடம் சரியில்லை. அது கோடை மதியத்துக்கு மேல் அடிக்கும் வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்காது. இலை ஓரம் கருகிவிடும். நிறம் மாற வேண்டிய நேரத்தில் பாதி இலை ஏற்கெனவே காய்ந்திருக்கும். சாயங்கால வெயில் முழுக்க விழும் இடத்தை நீங்களே தேடிப் பிடித்துவிட்டு அங்கே போய் அதை வைக்காதீர்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் காற்றுப்படாத மூலை இருந்தால் அங்கே ஒரு பெரிய தொட்டியில் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு அமெலாங்கியருக்கு. சர்வீஸ்பெர்ரி என்றும் சொல்வார்கள். ஐந்தாறு மீட்டரில் நின்றுவிடும், தூரிலிருந்தே பல தண்டாகப் பிரியும் கன்றும் கிடைக்கும். வசந்தத்தில் வெள்ளைப் பூ, கோடையில் பறவைகளுக்குப் பழம், இலையுதிர் காலத்தில் ஆரஞ்சும் சிவப்பும். சிவப்பு ஏமாற்றும் வருடத்திலும் இது மஞ்சள் ஆரஞ்சிலாவது நிற்கும். ஆறு வாரத்துக்காக மட்டும் ஒரு மரத்தை வைத்துவிட்டு மீதி 46 வாரம் என்ன பார்ப்பீர்கள்?

சுத்தபத்தம்
எல்லோரும் இலை அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த இலையெல்லாம் விழுந்த பிறகு யார் கூட்டுவது? என்னைக் கேட்டால் விழுந்த அன்றே வாரி எடுத்து, காய்ந்த செடியைத் தரையோடு வெட்டி, பாத்தியைச் சுத்தமாகக் கொத்திவிட்டால்தான் தோட்டம் தோட்டமாக இருக்கும்.

தூறல்
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தோட்டமில்லை, துடைத்து வைத்த திண்ணை. காய்ந்த தண்டுக்குள் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ருட்பெக்கியா, சீடம் போன்றவற்றின் விதைத் தலையைப் பறவை கொத்தித் தின்னும். உறைபனி படிந்த காலையில் அந்தக் காய்ந்த தலைகள் இருக்கும் அழகை ஒருமுறை பாருங்கள், பிறகு வெட்ட மனசு வராது. ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூங்கொத்தையும் விட்டுவிடுங்கள். கீழே இருக்கும் மொட்டுக்கு அது குடை.

சுத்தபத்தம்
போன வருடம் வாசற்படியில் நனைந்த இலையில் வழுக்கி விழுந்து ஒரு மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அதையும் பூச்சிக்குச் சொல்லுங்கள்.

வேரடி
இருவருமே சரி, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. நடைபாதை, படிக்கட்டு: உடனே கூட்ட வேண்டும். குளம் இருந்தால் மேலே வலை. புல்தரை: கனமாகப் படிந்தால் அடியில் புல் மூச்சு முட்டி அழுகிவிடும், மெல்லிய படலமாக இருந்தால் புல்வெட்டியை அதன் மேலேயே ஓட்டித் துண்டு துண்டாக்கி விட்டுவிடலாம். பாத்திக்குள் விழுந்தது அங்கேயே கிடக்கட்டும், அதுதான் செலவில்லாத மூடாக்கு. மிஞ்சியதைக் கம்பி வலைக் கூண்டில் போட்டு நனைத்து வையுங்கள், ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்பாக, பொலபொலவென்று இலைமட்கு கிடைக்கும்.

ஒரு விதிவிலக்கு: கரும்புள்ளி விழுந்த ரோஜா இலை, சொறி நோய் பிடித்த ஆப்பிள் இலை. அவற்றை மட்டும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். நோய் அதிலேயே குளிர்காலத்தைத் தாண்டி வசந்தத்தில் மறுபடி ஏறும்.

புதுமண்
சரி, கழியில் கட்டிய துணி மூன்று நாளில் இரண்டு நாள் ஒளிர்ந்தது. மூன்றாம் நாள் மழை. ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டேன். அமெலாங்கியர் வாங்குகிறேன், முடிவு. இப்போது நடுவதா, வசந்தம் வரை காத்திருப்பதா? குளிர் வரப்போகிறதே, கன்று தாங்குமா?

வேரடி
இப்போதுதான் நட வேண்டும். காற்று குளிர்ந்தாலும் கோடையில் சூடேறிய மண் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. இலை உதிர்ந்த மரத்துக்கு மேலே செலவில்லை, ஆகவே மண் உறையும் வரை வேரில் வேலை நடக்கும். தரை உறைவதற்கு ஆறு வாரம் முன்பே நட்டுவிட்டால் நல்லது. உங்கள் பக்கம் தரை உறையாது என்றால் அவசரமே இல்லை.

எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. இலை உதிர்க்காத செடிகள் குளிர்காலத்திலும் இலை வழியாக நீரை இழப்பதால் அவற்றைக் கொஞ்சம் முன்னதாகவே நட வேண்டும். சதைப்பற்றான வேர் கொண்ட மக்னோலியா, வெயில் காலத்தில் வளரும் மிஸ்காந்தஸ் போன்ற புல்: இவற்றை வசந்தத்துக்கு ஒத்திப்போடுவேன். ஈரக் குளிரில் அழுகி இறந்த புல்லை நானே மூன்று முறை பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

நடும் விதம். குழி, வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவே. தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர் இருந்தால் தாய்மண் உடையக் கூடாது என்று தயங்காதீர்கள், விரலால் பிரித்து விடுங்கள், தடித்து வளைந்ததை வெட்டுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அந்த வேரே தண்டை நெரிக்கும். தூர் விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதிய மரம் சாவதற்கு நான் பார்த்த முதல் காரணம் ஆழமாகப் புதைப்பதுதான். மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர், தூரைத் தொடாமல் ஒரு கை இடைவெளி விட்டு. மலை மாதிரி தண்டைச் சுற்றிக் குவிக்காதீர்கள். இந்தப் பருவத்தில் தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம். இளந்தளிர் கிளம்பி உறைபனியில் கருகும். தண்ணீர் மட்டும். மழை பெய்கிறதே என்று விட்டுவிடாமல் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

பூவாளி
கவாத்து பற்றியும் ஒரு வார்த்தை. கையில் கத்தரி இருக்கிறது, செடி ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று இப்போது லைலாக், ஃபார்சிதியா மாதிரி வசந்தத்தில் பூப்பவற்றை வெட்டிவிடாதீர்கள். மொட்டு ஏற்கெனவே கட்டியிருக்கும். நான் ஒருமுறை அழகாக உருண்டையாக வெட்டினேன். அடுத்த வசந்தத்தில் உருண்டை இருந்தது, பூ இல்லை.

புதுமண்
அப்போது இந்த வருடம் அலங்காரப் புல் வைக்கப் போவதில்லை. அந்த இடம் குளிர்காலம் முழுக்க வெறுமையாகவா இருக்கும்?

பூவாளி
கிழங்கு நடுங்கள்! புல் நடப்போகும் இடத்துக்கு மட்டும் கழி ஊன்றி இடம் விட்டுவிட்டு, சுற்றிலும் டாஃபடில், குரோக்கஸ், டூலிப். பின்னாளில் புல்லைக் குளிர்காலக் கடைசியில் தரையோடு வெட்டுவீர்கள், சரியாக அந்த நேரத்தில் கிழங்கெல்லாம் முளைத்து மேலே வரும். பூ முடிந்து இலை மஞ்சளாகி அசிங்கமாகும்போது புல் வளர்ந்து மறைத்துவிடும்.

ஆழம்: கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. 5 சென்டிமீட்டர் டூலிப் என்றால் 15 சென்டிமீட்டர். கூர்முனை மேலே. டாஃபடிலை முன்னதாக நடலாம். அது வேர்விட நாள் எடுக்கும். டூலிப்புக்கு அவசரம் வேண்டாம். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நட்டால் அதற்கு வரும் பூஞ்சைக் கருகல் குறையும். அணில் தோண்டும் வீடு என்றால் மேலே கம்பி வலை, அல்லது டாஃபடிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் நஞ்சு இருப்பதால் அணிலும் எலியும் தொடாது.

தூறல்
எங்களுக்குக் குளிர் போதாது. டூலிப் நட்டால் இலை மட்டும் வருகிறது, பூவைக் காணோம்.

மேகமூட்டம்
அதற்குப் பூ எடுக்க 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும், ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழே. காகிதப் பையில் கட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு நடலாம். ஆனால் அதே பெட்டியில் பழம் இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூ மொட்டைக் கொன்றுவிடும்.

சுத்தபத்தம்
என் வீட்டில் தெருவிளக்குக்குக் கீழே இருக்கும் சாமந்தி மட்டும் இன்னும் மொட்டே வைக்கவில்லை. நாலடி தள்ளி இருப்பது பூத்துக் குலுங்குகிறது. ஒரே தாய்ச்செடியில் பிரித்தது. உரம் குறைவா?

மேகமூட்டம்
விளக்குதான். சாமந்தி நீண்ட இரவைக் கணக்கிட்டுப் பூக்கும் செடி. இரவில் வெளிச்சம் விழுந்தால் இன்னும் கோடை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் புகையிலை, சோயா செடிகளை வைத்து எழுதினார்கள். உங்கள் தோட்டத்தில் அது இலவசமாக நடந்துகொண்டிருக்கிறது. தெருவிளக்கை ஒட்டிய மரக்கிளையில் மட்டும் இலை தாமதமாக உதிர்வதையும் கவனித்திருப்பீர்கள். சாமந்தியை நாலடி நகர்த்துங்கள்.

சுத்தபத்தம்
உரத்துக்குச் செலவழித்ததை யாரிடம் கேட்பது?

கல்தச்சன்
புதுமண், கடைசியாக ஒரு சங்கதி. ஜன்னலை ஒட்டிய முதல் 4 மீட்டரைக் காலியாக விடுங்கள். ஆசையில் அங்கேயும் செடி நட்டு நிரப்பிவிடுவீர்கள் என்று தோன்றுகிறது. சாயங்கால நிழல் நீண்டு விழ ஒரு வெறுந்தரை வேண்டும். புல்லின் நிழல், மரத்தின் நிழல் எல்லாம் அந்தத் தரையில் உங்களை நோக்கி வரும். பார்க்க அதுவே ஒரு செடி மாதிரி.

புதுமண்
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நட்டாயிற்று. கழி ஊன்றிய இடத்தில் தோண்டினால் ஒன்றரை அடியில் பழைய கட்டடத்தின் செங்கல் அடுக்கு. கடப்பாறை வைத்துப் பார்த்தும் அசையவில்லை. அரை மீட்டர் ஜன்னல் பக்கமாகத் தள்ளி நட்டேன். கல்தச்சன் அண்ணன் கணக்குப்படி நிழல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கியும் இருக்கிறது.

கன்றில் பதினோரு இலை மிச்சம் இருந்தது. நேற்று மேகம் கலைந்து ஒரு பத்து நிமிடம் வெயில் வந்தது. பதினோரு இலையும் எரிந்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் அணைந்துவிட்டது. இன்றைக்கு எட்டு இலை.

டாஃபடில் நாற்பது நட்டேன், டூலிப் பெட்டியில் காத்திருக்கிறது. பக்கவாட்டு மூலையில் ஒரு தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன், எதற்கு என்று வேரடி அண்ணனுக்குத் தெரியும்.

வேரடி
தெரியும். ஆசையை யார் விட்டார்கள். அமெலாங்கியரின் தூர் மண்ணுக்கு மேலே தெரிகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

புதுமண்
இரண்டு விரல் அளவுக்கு மண் ஏறியிருந்தது. இப்போதுதான் போய்த் தள்ளிவிட்டு வந்தேன். தெரிகிறது.